குட்டை ஜோடி

மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ரொமானா அந்தப் பின்சக்கர அச்சை நுனியிலிருந்து நுனிவரை துடைத்தாள். இது ஏழாவது. முந்தைய ஆறும் அவளுக்குப் பின்னால் தரையில் கிடந்தன. ஒன்று வளைந்திருந்தது, இரண்டைத் துரு தின்றிருந்தது, மற்றவற்றுக்குப் பல் மழுங்கியிருந்தது. எக்காதெபெக்கில் நிக்கனோரின் காயலான் கடைக்கு வந்தால் வோச்சோ என்னும் வண்டு வடிவப் பழைய காரின் எந்த உறுப்பும் கிடைக்கும். தேடி எடுக்கத்தான் பொறுமை வேண்டும்.

அளப்பதற்கு அவளிடம் இரண்டு வெட்டுப் போட்ட துடைப்பக் கட்டை இருந்தது. கீழ்வெட்டு பழைய கார்களின் குட்டை அச்சுக்கு, மேல்வெட்டு பின்னால் வந்த கார்களின் நெட்டை அச்சுக்கு. இரண்டுக்கும் நடுவே கட்டைவிரல் அகலம்தான் இடைவெளி. அச்சைக் கட்டையோடு சேர்த்து நிறுத்தினாள். மேல்வெட்டுக்குச் சரியாக வந்தது.

"என்னக்கா, பொண்ணு பாக்க வந்தவ மாதிரி திருப்பித் திருப்பிப் பாக்குற? இரும்புதானே!" என்றான் நிக்கனோர்.

"பொண்ணு விஷயத்துல ஏமாந்தாக்கூடச் சமாளிச்சுக்கலாம்டா. ஏத்தத்துல இது ஏமாத்தினா யாரு சமாளிக்கிறது?"

உள்நுனியின் கறுப்பை நகத்தால் சுரண்டினாள். அழுக்குக்கு அடியில் நீலப் புள்ளி தெரிந்தது. கியர்ப் பெட்டிக்குள் இருக்கும் பல்சக்கரத்தின் புள்ளியும் அச்சின் புள்ளியும் ஒரே நிறமாக இருந்தால்தான் இரண்டும் பொருந்தும். போன வருடம் பெட்டியைத் திறந்தபோது அவள் பார்த்து வைத்திருந்தாள், தன் வண்டிக்கு நீலம். அரை மணி நேரம் கழித்து ஜோடி அச்சும் அகப்பட்டது.

முதலாளி கிலிபெர்தோ கொடுத்தனுப்பிய சீட்டை நிக்கனோர் எடுத்து வாசித்தான். "இதுல குட்டை ஜோடின்னு இருக்கேக்கா."

"அவருக்குத் தன் டாக்சி எந்த வருஷத்து வண்டின்னே தெரியாது. அஞ்சு வண்டி வச்சிருக்காரு, ஒண்ணையாவது ஓட்டியிருந்தாத்தானே? நெட்டையையே கட்டு."

அச்சை மாற்றித் தரச்சொல்லி ஒன்றரை மாதமாக அவள் முதலாளியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். இடது பின்சக்கரத்தில் அச்சின் பல்லும் அதில் மாட்டும் சக்கரக் குடத்தின் பல்லும் தேய்ந்து, முதல் கியர் போடும்போதெல்லாம் 'டொக்' என்றது. பல் முழுக்க நழுவினால் எஞ்சின் உறுமும், வண்டி ஏறாது. அந்தச் சக்கரத்தில் பிரேக்கும் பிடிக்காது. அவள் ஓட்டும் குவாதெபெக் மலைச்சரிவில், நாலு பேரை ஏற்றிக்கொண்டு, செங்குத்தான சந்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று அவள் யாரிடமும் விளக்கிச் சொன்னதில்லை. அங்கே எல்லோருக்கும் அது தெரியும்.

இன்று காலை கிலிபெர்தோ தானாகவே கூப்பிட்டுப் பணம் கொடுத்து, "இருக்கறதுலயே நல்லதா எடு, விலையைப் பாக்காத" என்றபோது அவளுக்குக் காது குளிர்ந்துவிட்டது. அரைநாள் ஓட்டம் போனாலும் போகட்டும் என்று கிளம்பி வந்தாள். திரும்பும் வழியில் தெருமுனையில் நிறுத்தி, சோளமாவுக் கஞ்சி ஒரு குவளை வாங்கி, அவசரமே இல்லாமல் குடித்தாள்.

கிலிபெர்தோ கொட்டகைக்குள் நின்றிருந்தார். டாக்சிகள் ஐந்தும் இரவில் தெருவில்தான் கிடக்கும். கூரைக்கு அடியில் இருப்பது துணி போர்த்திய ஒரே ஒரு கார்.

அச்சைக் கையில் வாங்கியதுமே அவர் முகம் மாறியது. "இது நெட்டையாச்சே."

"ஆமா முதலாளி. சீட்டுல மாத்தி எழுதிட்டீங்க. நம்ம வண்டிக்கு நெட்டைதான். நல்லவேளை, நான் கவனிச்சேன்."

"உன் வண்டிக்குன்னு யாரு சொன்னா?"

அவர் துணியை விலக்கினார். அறுபத்து நான்காம் வருடத்து வோச்சோ, வான நீலம், முகம் பார்க்கலாம் போல ஒரு பளபளப்பு. அவள் அதை மறந்திருக்கவில்லை. ஓடாத வண்டிக்கும் ஒருவர் அச்சு மாற்றுவார் என்றுதான் அவளுக்குத் தோன்றவே இல்லை.

"போன பழைய கார் கண்காட்சில ஒரு நடுவர் பின்சக்கரத்தைச் சுத்திப் பாத்துட்டு, லேசா ஆட்டம் இருக்குன்னு மார்க்கைக் குறைச்சுட்டான். ரெண்டாவது இடத்துக்குப் போயிடுச்சு. என்ன அவமானம் தெரியுமா?"

"ஆட்டமா? என் வண்டில பல்லே நழுவுது முதலாளி. ஏத்தத்துல நிறுத்தி எடுக்கும்போது உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு எடுக்கறேன். வண்டியில ஜனங்க இருக்காங்க."

"ஜனவரில பாப்போம். அதுவரைக்கும் மெதுவா ஓட்டு. முடியலன்னா சாவியைக் கொடுத்துடு, வாங்கிக்க மூணு பேரு நிக்கறாங்க."

அவளுக்கு அழுகை வந்தது. அதற்கு முன்னால் கோபம் வந்தது. வீட்டில் மூன்று பேர் அந்தச் சாவியை நம்பிச் சாப்பிடுகிறார்கள். அச்சுகளைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு மறுபடி எக்காதெபெக்குக்குக் கிளம்பினாள்.

நிக்கனோர் குட்டை ஜோடியைத் தேடிக் கொடுத்துவிட்டு, நீலப் புள்ளி ஜோடியைச் சாக்கில் சுற்றிக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தான். "யாருக்கும் விக்கமாட்டேன்க்கா. முடியறப்ப வா."

வியாழக்கிழமை மெக்கானிக் வேலையை முடித்தான். ரொமானா தன் வண்டியில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தபோது கிலிபெர்தோ கொட்டகை வாசலிலிருந்து கைதட்டிக் கூப்பிட்டார்.

"வா, வா. நீ கொண்டுவந்ததுதானே, நீயே சுத்திப் பாரு."

நீலக் கார் நான்கு முட்டுகளின்மேல் நின்றது. டயரில் பள்ளம் விழக்கூடாதென்று அது எப்போதும் அப்படித்தான் நிற்கும். அவள் குனிந்து பின்சக்கரத்தைச் சுழற்றினாள். தரையில் படாத அந்தச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"கேட்டியா? ஒரு சத்தம் இல்ல!" என்றார் கிலிபெர்தோ.

"இல்ல முதலாளி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

டாக்சியின் பின்சீட்டில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். முன்சீட்டைக் கழற்றிய இடத்தில் தமாலே என்ற சோளமாவுப் பண்டம் விற்கும் பெலிசா அம்மா, காலியான தன் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள். வயது அறுபதுக்கு மேல். அவள் காலடியில், ஏற்றத்தில் வண்டி பின்னால் உருண்டால் சக்கரத்துக்கு அடியில் கொடுக்க ரொமானா எப்போதும் போட்டு வைத்திருக்கும் கருங்கல் கிடந்தது.

"அச்சு மாத்தியாச்சாமே? சந்தையில பேசிக்கிட்டாங்க" என்றாள் பெலிசா.

"மாத்தியாச்சும்மா."

ரொமானா முதல் கியரைப் போட்டாள். 'டொக்' என்றது.

பெலிசா அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இறங்கி ஓடத் தோதாகக் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். வண்டி ஏற்றத்தில் திரும்பியது.