பூக்கட்டிய வழி

முதல் பட்டதாரிச் சான்றிதழ் தாலுகா அலுவலகத்தின் நடு அறையில், மினோட்டாரிடம் கிடைக்கும். மனித உடம்பும் காளைத் தலையும் கொண்ட அவர் கிரீட் தீவிலிருந்து மாற்றலாகி வந்தவர். அவரை உள்ளே வைத்தபடியே, அவர் அங்கே அடைபட்டிருந்த புதிர்ப்பாதையையும் கொண்டுவந்து அலுவலகத்துக்குள் பொருத்தியிருந்தார்கள். மனு கொடுப்பவர்கள் சொந்த நூல் கொண்டுவர வேண்டும். ஒரு முனையை வாசல் கம்பியில் கட்டிவிட்டு உள்ளே போய், அதைப் பிடித்தே திரும்ப வேண்டும். ஐந்து மணிக்கு வாசலைப் பூட்டிவிடுவார்கள்.

செல்வமாரி அம்மாவோடு வந்தபோது மணி மூன்றரை. மறுநாள் காலை அருங்காட்சியகத்தில் அவளுக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. ரோமானியச் சாடிகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதும் வேலை. வரலாறு படித்த மூன்று வருடமும் அவள் ஆசைப்பட்டது அதற்குத்தான்.

பையைத் திறந்தாள். நூல் முழுக்கப் பூ. பூக்கடை வைத்திருக்கும் அவள் அம்மா முப்பிடாதி, காலையிலேயே உட்கார்ந்து நூற்றிருபது முழத்தையும் கட்டி முடித்திருந்தாள்.

"எம்மா, இது வழி பாக்கதுக்கு உள்ள நூலு!"

"பெரிய ஆபீசரப் பாக்க வெறும் நூலோடயா போவ? ஏட்டி, பேசாமப் போ, நேரமாவுது."

ஒரு முனையைக் கம்பியில் கட்டிவிட்டுச் செல்வமாரி உள்ளே போனாள். பாதை முழுக்கப் பிச்சிப்பூ மணத்தது. நடு அறையில் மினோட்டார் மூக்குக்கண்ணாடியைக் கொம்பில் கயிறு போட்டு மாட்டியிருந்தார்.

"வீட்டுல வேற யாரும் பட்டம் வாங்கலையே?"

"மாமா ரெண்டு வருசம் காலேஜ் போனாவ சார். பாஸாகல."

அவர் கேட்காததுதான். சொல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

அவர் தலையாட்டிவிட்டு மனுவைப் படித்தார். படித்தபடியே அவள் கையிலிருந்த பூவின் நுனியை வாயில் வைத்து மெல்லத் தொடங்கினார். மூன்றாம் பக்கம் முடிந்தபோது வாசல் கம்பியில் போட்ட முடிச்சும் அவிழ்ந்து வந்து வாய்க்குள் போனது. கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

"சார், நீங்க தின்னது நான் போற வழி."

"தெரியும்மா. படிக்கும்போது எதையாவது மெல்லுற பழக்கம். வழி எனக்குள்ளதானே இருக்கு, வாங்க."

மணி நாலே முக்கால். அவர் வயிற்றில் கைவைத்து முன்னால் நடந்தார். "முதல்ல பிச்சி. நேரா போகலாம். இங்க கனகாம்பரம் கலந்திருந்தது. வலது." செல்வமாரி சான்றிதழை மார்போடு அணைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். "மரிக்கொழுந்து! இடது!" என்று அவர் கத்தியபோது அவளும் சேர்ந்து கத்தினாள்.

ஐந்தடிக்க இரண்டு நிமிடம் இருக்கையில் வெயிலில் வந்து நின்றார்கள். செல்வமாரி சான்றிதழைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள். முப்பிடாதி அவரைப் பார்த்து, "பூ நல்லாருந்துச்சா சார்?" என்றாள்.

"மரிக்கொழுந்து கொஞ்சம் தூக்கல்."

பிறகு மினோட்டார் வாசல் காவலாளியிடம் ஒரு மனுத்தாள் வாங்கினார். "எங்க குடும்பத்துல புதிர்ப்பாதைய விட்டு வெளிய வந்த முதல் ஆள் நான்தான். சான்றிதழ் வேணும்."

செல்வமாரி பேனா கொடுத்தாள். அவர் நிரப்பி நீட்டியதும் காவலாளி மணியைப் பார்த்தார்.

"ஆபீசர் சீட்ல இல்ல. காலைல வாங்க."

"காலையில இருப்பாரா?" என்று மினோட்டார் கேட்டார்.

"பத்து மணிக்கெல்லாம் இருப்பாரு. நூல் கொண்டாங்க."

முப்பிடாதி மினோட்டாரின் முழங்கையிலேயே புது நூலை அளக்கத் தொடங்கினாள்.