கேதீஸ்வரன் சேர் சுருக்கிய ஆய்வு

கேதீஸ்வரன் சேர் சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்குகிற மனிதர். யாழ்ப்பாணத்தில் ஒரு உயர்கல்வி நிறுவனம். பெயர் வேண்டாம், வீண் வம்பு. அங்கே கல்வியியல் துறையில் முதுநிலை விரிவுரையாளர். மாணவர்கள் எழுதிக்கொண்டு வருகிற ஒவ்வொரு வரியையும் சிவப்புப் பேனையோடு துருவிப் பார்ப்பது அவர் வேலை. அந்த வேலையை அங்கேயே வைத்துவிட்டு வந்தால் பரவாயில்லை. மனுசன் அதைக் கொக்குவில் வீடுவரைக்கும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். தேநீரில் சீனி குறைந்தால் “ஆர் குறைக்கச் சொன்னது?” என்பார். மதிலுக்கு அப்பால் ரயில் பிந்திப் போனால், அதற்கும் யாரோ எதையோ மறைக்கிறார்கள் என்பது அவர் கட்சி.

“உங்களுக்கு ஒருத்தரும் ஒரு கெடுதலும் செய்யேல்லை எண்டாலும், ஏன் செய்யேல்லை எண்டு இருந்து யோசிப்பியள்” என்பாள் மனைவி மகாதேவி.

அந்த வருடம் யோசிக்க நிறையவே இருந்தது. துறைத்தலைவர் ஓய்வு பெறப் போகிறார். அந்தக் கதிரைக்குப் போட்டியில் இரண்டே பேர். ஒன்று இவர், மற்றது இவரைவிட ஏழு வயது இளைய பிரகலாதன். மூன்று மாதத்தில் தெரிவு. அதுவரைக்கும் தன் பெயரில் ஒரு தூசி படக்கூடாது என்று கேதீஸ்வரன் சேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துத்தான் தனுசியா வந்து கதவைத் தட்டினாள்.

நெல்லியடிப் பெண். அங்கேயே ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறாள். முதுமாணிப் பட்டத்துக்கு ஆய்வு செய்ய வேண்டும், மேற்பார்வைக்கு ஒருவர் வேண்டும். இரண்டு தாளை மேசையில் வைத்தாள். தலைப்பைப் பார்த்ததும் சேர் தாளைக் கிட்ட இழுத்தார். ‘உயர்கல்வியைத் தொடங்கிய வட மாகாண மாணவர்கள் இடையில் விலகுவதற்கான காரணங்கள்.’

“உந்தத் தலைப்பை உமக்கு ஆர் தந்தது?”

“ஒருத்தரும் தரேல்லை சேர். நானாத்தான் யோசிச்சனான்.”

“என்னட்டைப் போகச் சொல்லி ஆர் சொன்னது?”

“பிரகலாதன் சேர். முதல் அவரிட்டைத்தான் போனனான். தன்னட்டை ஏற்கெனவே பதினொரு பேராம். உங்களிட்டைப் போகச் சொன்னவர்.”

போதாதா? வேறு யாராவது என்றால் பதினொரு பேர் என்பதைக் கேட்டு ஐயோ பாவம் என்றிருப்பார்கள். கேதீஸ்வரன் சேருக்கு முழுப் படமும் அந்த நிமிடமே விளங்கிவிட்டது. பிரகலாதன் ஆளை அனுப்பியிருக்கிறான். அருந்ததியின் விசயத்தைக் கிளறி எடுக்க அனுப்பியிருக்கிறான்.

அருந்ததி என்பவள் ஒன்பது வருடத்துக்கு முன் அவரிடம் படித்த பெண். வடமராட்சிக் கரையில் கடற்றொழில் செய்கிற குடும்பம். வகுப்பில் வாய் திறக்காது, கடைசி வரிசையில் இருக்கும். ஒரு நாள் ஆய்வு முன்மொழிவு ஒன்று எழுதித் தந்தது. ஆய்வுப் பிரச்சினையைத் தொட்ட இடமும், அதிலிருந்து நோக்கத்துக்கு இறங்கிய விதமும், நோக்கத்தை மூன்று வினாவாகப் பிரித்த நேர்த்தியும் விரிவுரையாளர்களுக்கே வராத கைவண்ணம். கேதீஸ்வரன் சேர் அதை இரண்டு தரம் வாசித்தார். வாசித்துவிட்டுச் சந்தோசப்பட்டிருக்கலாம். ஆனால் எங்கிருந்து களவெடுத்தது என்று தேடத் தொடங்கினார். இரண்டு கிழமை இணையம் முழுவதும் தேடினார், நூலகத்தில் பழைய ஆய்வேடுகளை இறக்கித் தூசி தட்டினார். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததே அவருக்கு அத்தாட்சியாகப் போய்விட்டது. எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக மறைத்திருக்கிறாள் பார்!

நாற்பது பேர் இருந்த வகுப்பில் அவளை எழுப்பி நிற்க வைத்துக் கேட்டார்.

“இதை ஆர் எழுதித் தந்தது?”

“நான்தான் சேர் எழுதினனான்.”

“உங்கடை வீட்டிலை ஆர் இப்பிடித் தமிழ் எழுதுறவை?”

வகுப்பில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவள் கதிரையில் இருந்துவிட்டாள். அடுத்த கிழமை வரவில்லை, அதற்கடுத்த கிழமையும் வரவில்லை. பிறகு விலகல் படிவம் மட்டும் தபாலில் வந்தது.

அந்தக் கதை இப்போது வெளியே வந்தால் துறைத்தலைவர் கதிரை போச்சு. அது ஒரு பயம். அவள் உண்மையிலேயே தானாக எழுதியிருந்தால் என்கிற யோசனை இன்னொன்று. அதை அவர் ஒன்பது வருடமாகப் பக்கத்தில் வரவிடாமல் துரத்திக்கொண்டிருந்தார்.

தனுசியாவை ‘ஏலாது’ என்று திருப்பி அனுப்பலாம். அனுப்பினால் ஏன் அனுப்பினார் என்று பிரகலாதன் கேட்பான். ஆகையால் மேற்பார்வையாளர்களின் பழைய ஆயுதத்தைக் கையில் எடுத்தார். ஆய்வுப் பரப்பைச் சுருக்கச் சொல்வது. சொல்லுகிறவருக்கு மரியாதை, கேட்கிறவருக்கும் சந்தேகம் வராது. கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கி, அருந்ததி நிற்கிற மூலையை வெளியே தள்ளிவிட்டால் காரியம் முடிந்தது.

“பிள்ளை, உது கடல் மாதிரிக் கிடக்கு. வட மாகாணம் முழுக்க உம்மாலை ஏலுமே? ஒரேயொரு நிறுவனத்தை எடும். உம்மடை பக்கத்திலை ஏதும் ஒண்டு.”

அவள் சீ.ஆர். கொப்பியில் அப்படியே எழுதிக்கொண்டு போனாள். இரண்டு கிழமையில் திரும்பி வந்தாள். எடுத்திருந்தது இவர்களுடைய நிறுவனத்தையே.

“மற்ற இடங்களிலை அனுமதிக் கடிதத்துக்கு ஆறு மாசம் எடுக்குமாம் சேர். இஞ்சை ரெண்டு நாளிலை தந்திட்டினம்.”

“ஆர் கையெழுத்து வைச்சது?”

“பிரகலாதன் சேர்.”

கேதீஸ்வரன் சேர் கடிதத்தை வாங்கிக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரகலாதன்தான் முதுமாணிக் கற்கைகளின் இணைப்பாளர், எல்லாக் கடிதத்துக்கும் அவன்தான் கையெழுத்து வைப்பான் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தென்ன, அந்தக் கையெழுத்து வழமையைவிடச் சந்தோசமாகப் போட்ட மாதிரி அவருக்குப் பட்டது.

இரண்டாவது சுருக்கலைப் போட்டார். “கன காலத்தை இழுக்காதையும். பழைய பதிவுகளை நம்பேலாது. கடைசி அஞ்சு வருசம் போதும்.”

அருந்ததி போனது ஒன்பது வருடத்துக்கு முன். கணக்குச் சரி. அன்றைக்கு வீட்டில் அவர் இரண்டு குழல் பிட்டுக் கூடுதலாகச் சாப்பிட்டதை மகாதேவி கவனித்தாள்.

அடுத்த சந்திப்பில் தனுசியா அலுவலகத்தில் எடுத்த பட்டியலை நீட்டினாள். பதினேழு பெயர். பதினொராவது பெயர் அருந்ததி. விலகிய ஆண்டு இரண்டாயிரத்து இருபத்தொன்று.

எப்படி என்று கேட்க வாய் எடுத்தவர் அடக்கிக்கொண்டார். எப்படி என்று அவருக்கே தெரியும். தபாலில் வந்த படிவத்தை அவர் அலுவலகத்துக்கு அனுப்பவில்லை. யாராவது ஏன் என்று கேட்டுவிடுவார்கள் என்று மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டார். கொரோனா முடக்கம் முடிந்து அறையைத் துப்புரவாக்கும்போது கையில் தட்டுப்பட, கையெழுத்து வைத்து அன்றைய திகதியைப் போட்டு அனுப்பிவிட்டார். ஒளித்து வைத்த கையே அவளைக் கொண்டுவந்து ஐந்து வருடத்துக்குள் நிறுத்தியிருந்தது.

பட்டியலில் காரணம் என்ற நிரல் கண்ணில் பட்டபோது சேருக்கு உயிர் வந்தது. அருந்ததியின் பெயருக்கு நேரே ‘குடும்பக் காரணம்’. அவள் வெறுமையாக விட்டிருந்த இடத்தை அவரே நிரப்பியது.

“பிள்ளை, இன்னும் அகலமாய்த்தான் கிடக்கு. குடும்பக் காரணம், கலியாணம், வெளிநாடு எல்லாம் செய்து அலுத்த விசயம். கல்விசார் காரணம் மட்டும் எடும். வகுப்பறைக்குள்ளை நடந்ததாலை ஆர் விட்டிட்டுப் போனது? அதுதான் உம்மடை ஆய்வுப் பிரச்சினை.”

“அப்பிடிப் பாத்தால் ஒண்டு ரெண்டு பேர்தான் மிஞ்சுவினம் சேர்.”

“ஒராள் மிஞ்சினாலும் காணும். ஒராளை ஆழமாய்ப் பாக்கிறதும் ஆய்வுதான்.”

அந்த ஓராள் யார் என்றும் அவருக்குத் தெரியும். புள்ளிவிபரவியலில் இரண்டு தரம் தவறிய சுதாகரன். சுதாகரனை எவ்வளவு ஆழமாய்ப் பார்த்தாலும் கேதீஸ்வரன் சேருக்கு ஒரு நட்டமும் இல்லை.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் பிரகலாதன் நடைபாதையில் மறித்தான். “கேதீஸ் அண்ணை, அந்த நெல்லியடிப் பிள்ளை என்ன செய்யுது? என்ரை தலையிலை இருந்த பாரத்தை உங்கடை தலையிலை வைச்சிட்டன் எண்டு குறை நினையாதேங்கோ.”

“அதிலை என்ன கிடக்கு” என்றார் இவர். ‘பாரம்’ என்ற சொல்லை ஏன் சொன்னான் என்று பின்னேரம் முழுக்க யோசித்தார்.

ஒரு மாதம் கழித்துத் தனுசியா வந்தாள். இந்த முறை முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

“சேர், நீங்கள் சொன்ன மாதிரிச் சுருக்கினாப் பிறகுதான் எனக்கே விசயம் பிடிபட்டது. படிவத்திலை இருக்கிற காரணத்தை அப்பிடியே எடுக்காமல் பதினேழு பேரிட்டையும் நேரை கதைச்சனான்.”

கேதீஸ்வரன் சேர் பேனையைக் கீழே வைத்தார். “பதினேழு பேரிட்டையுமோ?”

“ஓம் சேர். படிவத்திலை கிடக்கிறது முக்கால்வாசி பிழை. சுதாகரனுக்குக் கனடா விசா வந்ததாம். புள்ளிவிபரவியல் எண்டது சும்மா சாட்டாம். பதினாறு பேருக்கும் வீடு, கலியாணம், வெளிநாடு எண்டு ஏதோ ஒண்டு. வகுப்பறைக்குள்ளை நடந்ததாலை விட்டது ஒரேயொராள். அருந்ததி எண்டு ஒரு அக்கா.”

வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“அவ ஏதும் சொன்னவவோ?”

“சொன்னவ. எழுதினது நல்லாயிருந்தபடியாலையே அது அவவின்ரை இல்லையெண்டு வகுப்புக்கு முன்னாலை கேட்டவையாம். ஆர் கேட்டது எண்டு எத்தினை தரம் கேட்டும் பேர் சொல்லேல்லை. இப்ப அந்தக் கரையிலை கடற்றொழிலாளர் சங்கத்தின்ரை கடிதம், பெட்டிசம் எல்லாம் அவதான் எழுதிறவ. நாலைஞ்சை வாங்கி வாசிச்சனான் சேர். அப்பிடி ஒரு எழுத்து நான் காணேல்லை.”

கேதீஸ்வரன் சேருக்கு வெட்கமாக இருந்தது. கதிரை போகப் போகிறதே என்ற பயத்தைத் தாண்டி, வெறும் வெட்கம் முகமெல்லாம் சுட்டது. ஒன்பது வருடமாகக் கிட்ட வரவிடாத யோசனை இப்போது எதிரே வந்து இருந்துவிட்டது. அவள்தான் எழுதினாள்.

தனுசியா புதிய தாளை நீட்டினாள். அவர் வாசித்தார்.

ஆய்வுப் பிரச்சினை: தனது சொந்த எழுத்து தன்னுடையதல்ல என்று சந்தேகிக்கப்பட்ட மாணவி ஒருவர் உயர்கல்வியிலிருந்து விலகியமை.

ஆய்வின் நோக்கம்: அச்சந்தேகம் எவ்வாறு தோன்றியது என்பதைக் கண்டறிதல்.

ஆய்வு வினாக்கள்: ஒன்று, விரிவுரையாளர் எதை வைத்துச் சந்தேகித்தார்? இரண்டு, பதில் சொல்ல மாணவிக்கு இடம் கொடுக்கப்பட்டதா? மூன்று, அதே முன்மொழிவை நகரத்துப் படித்த குடும்பத்துப் பிள்ளை ஒன்று எழுதியிருந்தால் அந்தச் சந்தேகம் வந்திருக்குமா?

சிவப்புப் பேனைக்கு வேலையே இல்லை. ஒரு சொல் கூடவும் இல்லை, ஒரு சொல் குறையவும் இல்லை.

“சேர், அந்த விரிவுரையாளரைக் கண்டுபிடிச்சால்தான் இது முழுசாகும். நீங்கள் அந்தக் காலத்திலையும் இஞ்சைதானே இருந்தனீங்கள். ஆரெண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

அவர் அவள் முகத்தைத் துருவினார். எல்லாம் தெரிந்துகொண்டு கேட்கிறாளா? பிரகலாதன் சொல்லிக்கொடுத்த கேள்வியா? கண்ணில், உதட்டோரத்தில், கொப்பியைப் பிடித்திருந்த விரலில் எங்காவது ஒரு கள்ளம் இருக்கும் என்று தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததை வைத்து மேலும் சந்தேகிக்கலாம் என்று பழைய புத்தி சொல்லிக்கொடுத்தது. இந்த முறை அவர் அதைக் கேட்கவில்லை.

“நான் இனி உமக்கு மேற்பார்வை செய்யேலாது, பிள்ளை.”

“ஏன் சேர்? நான் ஏதும் பிழையா எழுதிப்போட்டனோ?”

“இல்லை. எல்லாம் சரி. ஆய்வுக்கு உட்படுகிற ஆளே அந்த ஆய்வுக்கு மேற்பார்வையாளரா இருக்கக் கூடாது. அது ஆய்வு நெறிமுறை. பிரகலாதனிட்டைப் போய், பன்னிரண்டாவது ஆளாய் எடுக்கச் சொல்லும். என்ன காரணம் எண்டு கேட்டால் உள்ளதைச் சொல்லும்.”

அவளுக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. விளங்கியதும் எழுந்து போய்விடுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் எழும்பவில்லை. கொப்பியின் புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பி, மேலே திகதி போட்டாள்.

“அப்ப முதலாவது வினாவை உங்களிட்டைக் கேக்கலாமோ சேர்?”

“மூண்டாவதைக் கேளும்” என்றார் கேதீஸ்வரன் சேர். “மற்ற ரெண்டுக்கும் மறுமொழி அதுக்குள்ளைதான் கிடக்கு.”

நகரத்துப் பிள்ளை எழுதியிருந்தால் அந்தச் சந்தேகம் வந்திருக்குமா என்ற மூன்றாவது வினாவை அவள் வாசித்தாள். முடிக்கும்வரை பொறுத்திருந்து, அவள் எழுதிக்கொள்ளட்டும் என்று நிதானமாகச் சொன்னார்.

“வந்திராது.”