பதினோராவது கேள்வியிலிருந்து

"படிப்பு?" என்று சிறை எழுத்தர் மறுபடியும் கேட்டார்.

"எட்டாவதுல பாதி," என்றாள் அக்கா.

"பாதிக்கெல்லாம் கட்டம் இல்லம்மா. ஏழுன்னு போட்டுக்கறேன். வேலை?"

அதற்கும் கட்டம் போதாது. பஞ்சர் கடை, பேக்கரி, அச்சகம், லாரி கிளீனர் என்று தம்பி பார்த்த வேலைகள் பதினாலு. கடைசியாக, வாசலில் நின்ற யாருடைய வண்டியையோ ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க எடுத்தவன், திரும்பி வர மறந்துபோனான். அந்த மறதிக்கு நீதிமன்றம் திருட்டு என்று பெயர் வைத்து மூன்று வருடம் கொடுத்தது.

நேற்றுக் காலை சிறைச் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தான். பாதிச் சுவரில், ஏணி உச்சியில் நின்றபடி எதையோ பார்க்கத் திரும்பினானாம். இப்போது பின்கட்டில் கிடக்கிறான்.

எழுத்தர் ஒரு தாளை நகர்த்தினார். "இதுல கையெழுத்து போட்டீங்கன்னா உடம்ப எடுத்துட்டுப் போலாம். உள்ள வந்தப்ப வச்ச பரிட்சை. கவனம் நிக்குதா இல்லையான்னு பாக்கறது. இதே ரூம்லதான், அன்னிக்கு கரண்ட் வேற இல்ல. நாப்பது கேள்வி. உங்க தம்பி பத்தோட எந்திரிச்சுப் போயிட்டாரு. 'ஒத்துழைக்க மறுத்தார்'னு போட்டிருக்கோம்."

"ஒரு எடத்துல உக்கார முடியலையான்னு கண்டுபிடிக்க, உக்கார வச்சு நாப்பது கேள்வியா சார்?"

"நான் என்னம்மா பண்ண? கேள்வி மேலேருந்து வருது."

மறுத்தானாம். அவன் எதைத்தான் மறுத்தான்? எட்டாவது வாத்தியார் பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொன்னபோதுகூட மறுக்கவில்லை. ஏறி நின்று, ஜன்னல் வழியே இன்னும் வசதியாக வேடிக்கை பார்த்தான்.

"பேனா குடுங்க சார்."

கொடுத்தார். அவள் பதினோராவது கேள்வியிலிருந்து ஆரம்பித்தாள். அவன் விட்ட வீட்டுப்பாடங்களை அவன் கையெழுத்திலேயே முடித்து வளர்ந்தவள். அவனுடைய டிக் இடதுபக்கம் சாயும்; சாய்த்தே போட்டாள். சொன்ன வேலையைப் பாதியில் மறப்பீர்களா? எப்போதும். உங்கள் முறை வரும்வரை காத்திருக்கச் சிரமப்படுவீர்களா? எப்போதும்.

"அம்மா, இதெல்லாம் செல்லாதும்மா."

"முடிஞ்சிருச்சுல்ல? கூட்டிப் பாருங்க."

பழக்க தோஷம், எழுத்தர் கூட்டினார். விரல் அடிவரியில் நின்றுவிட்டது.

"எவ்வளவு சார்?"

"நூத்திப் பதினேழு."

"எவ்வளவு வரணும்?"

அவர் கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எண்பது வந்தாலே மாத்திரை உண்டு." பிறகு தொண்டையைச் செருமினார். "ஏணி வேலைக்கு அனுப்ப மாட்டாங்க."

அதற்குமேல் அவர் கையெழுத்துக் கேட்கவில்லை. பின்கட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மேசைமேல் தாள் காற்றில் புரண்டது. பின்பக்க மூலையில் குட்டியாக ஒரு மின்விசிறி வரைந்திருந்தது. மூன்று இறக்கை, ஒன்றின் நுனி மட்டும் வளைந்திருந்தது.

"வாங்கம்மா," என்று எழுத்தர் சுவிட்சை அணைத்தார்.

அவள் எழவில்லை. தலைக்குமேல் விசிறி வேகம் குறைந்து, குறைந்து, நிற்கும்வரை அண்ணாந்து பார்த்தாள். ஒரு இறக்கையின் நுனி வளைந்திருந்தது.