மெயின் வால்வு

மாமனார் என்னைக் குளியலறைக்குப் பின்னால் அழைத்துப் போய் மெயின் வால்வைக் காட்டினார்.

"வலப்பக்கம் திருகினா மூடும். ரொம்ப இறுக்காதே, வாஷர் போயிரும். பைப் எங்க உடைஞ்சாலும் மொதல்ல இங்க ஓடி வா."

குழாய் வேலையிலேயே தலை நரைத்தவர். இந்த வீட்டுக் குழாய்களை வேறு யாரையும் தொட விட்டதில்லை. ஒருமுறை என் கணவர் தொட்டதற்கு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"எனக்கு எதுக்கு மாமா? நீங்கதான் இருக்கீங்களே."

சிரித்தார். "திருகிப் பாரு."

திருகினேன். சமையலறையில் அவர் திறந்துவிட்டிருந்த குழாய் நின்றது. அதற்குள் கணவர் கூப்பிட்டார். ஓடினேன்.

அத்தை இறந்த பிறகு மாமா சிரித்து நான் பார்த்ததில்லை. மழைக்காலம் முழுக்கத் தட்டுச் சோற்றை அளைந்துகொண்டு சுவரைப் பார்த்திருந்தார். இந்த வாரம்தான் சவரம், சலவைச் சட்டை, சிரிப்பு.

"அப்பா தேறிட்டாரு," என்றார் கணவர், பட்டன் போட்டுக்கொண்டே. "நீ என்னடான்னா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே."

"ரெஞ்ச் பையை எதிர்வீட்டுக்குக் குடுத்திட்டாரு."

"வயசாச்சு. வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறாரு?"

"ரேடியோவையும்."

"அந்தக் கரகரப்பு ஒழிஞ்சுதுன்னு சந்தோஷப்படு."

"மூக்குக் கண்ணாடியையும்."

பட்டனில் கை நின்றது. "எதுக்கு?"

"இனிமே தேவையில்லையாம். இன்னைக்கு எனக்கு வால்வு மூடக் கத்துக்குடுத்தாரு."

கணவர் கட்டிலில் உட்கார்ந்தார். "ஏதாவது கேட்டு வைக்காதே. இல்லாத நெனப்பும் வந்துரும்."

அத்தையைப் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரி நர்ஸுக்கு போன் செய்தேன்.

"கேக்கறதால அந்த நெனப்பு வராது," என்றாள் அவள். "சுத்தி வளைக்காம கேளுங்க. ஆமான்னு சொன்னா தனியா விடாதீங்க. கையோட கூட்டிட்டு வாங்க. டாக்டர்கிட்ட நான் சொல்லி வைக்கிறேன்."

கணவரும் கேட்டுக்கொண்டிருந்தார். "நீ கேளு," என்றார். "என் வாயில வராது." வண்டிச் சாவியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டார்.

மாமா பின்கதவுத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, காபி போடட்டா?"

"இப்பதானே குடிச்சேன்."

"ஆமால்ல."

அவருக்கு எதிரே போய் நின்றேன்.

"சாகணும்னு நெனைக்கிறீங்களா மாமா?"

எண்ணெய்ப் புட்டியை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை. மறுபடி மூடினார். அந்தச் சிரிப்பு போய்விட்டிருந்தது.

"மத்தியானம்தான்மா முடியலை. நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனதும் வீடு கப்சிப்புன்னு ஆயிரும்."

"நாள் குறிச்சிட்டீங்களா?"

"என்ன, கல்யாணமா நாள் குறிக்க?" என்றார். பிறகு, "நாளைக்குன்னு இருந்தேன்."

கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"கிளம்புங்க மாமா. நர்ஸ் காத்திட்டிருக்காங்க."

அவர் தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "மூஞ்சி கழுவிட்டு வர்றேன்."

"கதவைத் தாழ் போடாதீங்க."

குளியலறை வாசலில் நின்றேன். வெளியே கணவர் வண்டியைக் கிளப்பும் சத்தம். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. தண்ணீர்ச் சத்தம்கூட இல்லை.

"மாமா?"

கதவைத் தள்ளினேன்.

காய்ந்த குழாயின் கீழே இரு கைகளையும் ஏந்தியபடி நின்றிருந்தார்.

"வால்வை மூடினவ திறக்க வேணாமா?"

"மறந்துட்டேன் மாமா."

"இந்த லட்சணத்துல உன்னை நம்பி..." பாதியில் நிறுத்தினார்.

"எனக்குத் திறக்க வராது. நீங்க வாங்க."

என்னைப் பார்த்தார். பின்பக்கம் போனார். நானும் ஒட்டிக்கொண்டே போனேன். கண்ணாடி இல்லாததால் தடவிப் பிடித்துத் திருகினார். சமையலறைக் குழாய் இருமியது. பிறகு கொட்டத் தொடங்கியது.

"போய்க் குழாயை மூடும்மா. தண்ணி வீணாகுது."

நான் நகரவில்லை.

"வீணாகட்டும் மாமா. செருப்பைப் போடுங்க."