பிணமாக நடிப்பவனுக்கு நாளைக் காலையில் தேர்வு

1

இந்தக் கதை அடக்கவிலைக் கணக்கியல் வகுப்பில் எனக்குக் கிடைத்தது. மாறுபாடுகள் என்ற பாடம் நடந்துகொண்டிருந்தது. ஆசிரியர் கரும்பலகையில் ஒரு சூத்திரத்தைப் பாதி எழுதியிருந்தார். மீதிப் பாதியை நான் எழுதிக்கொள்ள வேண்டிய நேரத்தில் பக்கத்து இருக்கைக்காரன் என் பக்கம் சாய்ந்தான்.

"நாடகத்துல வேஷம் கிடைச்சிருக்கு."

"என்ன வேஷம்?"

"பிணம்."

"எவ்வளவு நேரம்?"

"முழு நாடகமும். திரை தூக்கும்போதே செத்திருப்பேன்."

நான் சிரித்த சிரிப்பில் ஆசிரியர் திரும்பிப் பார்த்தார். நான் இருமினேன். அவர் நம்பவில்லை. அதற்குள் கரும்பலகையை அழித்துவிட்டார். ஆகவே சூத்திரத்தில் எனக்குப் பாதிதான் தெரியும். கதையிலும் பாதிதான் தெரியும்.

என்னைப் பற்றி: பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, மாலையில் வகுப்பு, நடுவில் கிடைக்கும் நேரத்தில் நாட்குறிப்பு. நாட்குறிப்பில் நடந்ததை மட்டும், நடந்த வரிசையில் எழுதுவேன். கதை எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் நீங்கள் பெரிய மனது பண்ணி—

(இப்போதே மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தால் கடைசி வரிவரைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன். விட்டுவிடுகிறேன்.)

2

முறைப்படி மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: "மேடையில் ஒரு பிணம் கிடந்தது." நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொன்றது யார் என்று நீங்கள் கேட்பீர்கள். இந்தக் கதையில் யாரும் யாரையும் கொல்லவில்லை.

இரண்டாம் தொடக்கம்: "அவன் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவன்." உண்மை. ஆனால் அவன் இதைப் படிப்பான்.

மூன்றாம் தொடக்கம்: "கலைக்கும் கல்விக்கும் இடையே அல்லாடும் இன்றைய இளைய தலைமுறை—" இதை எழுதியது நான்தானா என்று சந்தேகமாக இருக்கிறது. பரிசளிப்பு விழாவுக்கு வந்த யாரோ என் பேனாவை எடுத்திருக்கிறார்கள்.

எனவே இந்தக் கதைக்குத் தொடக்கம் கிடையாது. ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டீர்கள், உட்காருங்கள். விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அவன் தன் அக்கா வீட்டில் இருக்கிறான். அக்கா சலவை நிலையத்தில் வேலை பார்க்கிறார். தம்பி நாடகத்துக்குப் போவதை அவர் தடுத்ததே இல்லை. இந்த அடக்கவிலைத் தேர்வில் அவன் இரண்டாம் முறை தோற்ற அன்று, சட்டை மடித்துக்கொண்டே சொன்னாராம்: "அடுத்த தடவையும் போச்சுன்னா நாடகத்த விட்டுடு. நான் விடச் சொல்லமாட்டேன். நீயா விடணும்." அவன் சரி என்று தலையாட்டிவிட்டான். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ரகம் அவன், பாவம். அந்த அடுத்த தடவை நாடகத்துக்கு மறுநாள் காலையில் வருகிறது.

"அப்புறம் எதுக்கு இந்த நாடகத்துல சேர்ந்த?" என்று கேட்டேன்.

"அதுக்காகத்தான் பிணம். வசனம் இல்ல, நடை இல்ல, துணியப் போட்டு மூடிடுவாங்க. ஒரு மணி நேரம் யாரும் தொந்தரவு பண்ணாத இடம் உனக்கு எங்கயாவது தெரியுமா? படுத்தபடியே எல்லா சூத்திரத்தையும் மனசுல ஓட்டிடுவேன். நாடகத்துக்கு நாடகமும் ஆச்சு, படிப்புக்குப் படிப்பும் ஆச்சு."

இவ்வளவு நல்ல கால அட்டவணையை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. நானே பல அட்டவணைகள் போட்டவள். வண்ணப் பென்சிலால்கூடப் போட்டிருக்கிறேன்.

3

(இந்தப் பகுதி அவன் கேட்டுக்கொண்டதால் நீக்கப்பட்டது. இதில் அவன் அழுதான்.)

4

ஒத்திகை. நான் அங்கே இல்லை. எனவே இதில் பாதி அவன் சொன்னது, பாதி நான் பக்கத்தில் நின்று பார்த்ததுபோல எழுதுவது. எந்தப் பாதி எது என்று எனக்கே இப்போது குழப்பமாகிவிட்டது, ஆனால் எழுத ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறது.

நாடகக் குழுவின் இயக்குநர் பகலில் மெத்தை விற்கிறவர். மேடை நடுவில் ஒரு பெஞ்சு. அதில் அவன். மேலே வெள்ளைத் துணி, அக்கா வேலை பார்க்கும் சலவை நிலையத்திலிருந்து இரவல் வாங்கியது. பாதங்கள் மட்டும் வெளியே. மனைவியாக நடிக்கும் பெண் அழத் தொடங்கியதும் முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்திருக்கிறார்கள்.

பிணத்தின் வலது கால் கட்டைவிரல் ஆடிக்கொண்டிருந்தது.

மனப்பாடம் பண்ணும்போது அவனுக்கு அந்த விரல் தானாகத் தாளம் போடும்.*

(* வகுப்பில் நானே கவனித்திருக்கிறேன். கூட்டலுக்கு மேலும் கீழும், வகுத்தலுக்குப் பக்கவாட்டில். வகுத்தல் விஷயம் என் மிகையாகவும் இருக்கலாம்.)

"யாருப்பா அது கால ஆட்டுறது?" என்றார் இயக்குநர்.

"நான்தான் சார்."

"நீ செத்துட்ட."

"ஆமா சார்."

"பதில் சொல்லாத. செத்துட்ட."

அவன் பேசவில்லை.

"புரிஞ்சுதா?"

அவன் பேசவில்லை.

"புரிஞ்சுதான்னு கேக்குறேன்ல?"

இந்த இடத்தில் அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லையாம். எனக்கும் தெரியவில்லை. இந்த வரியில் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்ததில், கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு இடது வில்லையை வலது பக்கம் மாட்டிவிட்டேன். பிறகு மாற்றிக் கொடுத்தேன்.

இயக்குநர் துணியை விலக்கி அவன் முகத்தருகே குனிந்தார். "தம்பி, என் கடைக்கு வர்றவங்க தினமும் மெத்தையில படுத்துப் பாக்குறாங்க. விலைய யோசிச்சுக்கிட்டே படுப்பாங்க, பொண்டாட்டி முகத்தப் பாத்துக்கிட்டே படுப்பாங்க. அவங்ககூட உன்ன மாதிரி இவ்வளவு உசிரா படுத்ததில்ல. என்ன யோசிச்சுக்கிட்டிருக்க நீ?"

"பொருள் விலை மாறுபாடு சார்."

அவர் கொஞ்ச நேரம் மேடையைச் சுற்றி நடந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தானாம். அவர் நாடகத்தையே மாற்றினார். செத்தவன் வேலையிலிருந்து திரும்பி வாசலிலேயே விழுந்தவன் என்று ஆனது. எனவே காலில் ஷூ இருக்கும். "தூங்குற மாதிரியே இருக்காரே" என்ற மனைவியின் முதல் வசனம் "ஷூவக்கூடக் கழட்டலையே" என்றானது. இப்போதுதான் அந்த வசனத்துக்கு அழுகை சரியாக வருகிறது என்று அந்தப் பெண் சொன்னாளாம். ஒரு கட்டைவிரலால் ஒரு நாடகம் முன்னேறியது. என் கதையில் இப்படி எதையாவது யாராவது ஆட்டினால் தேவலை.

ஷூ, வசனம் எடுத்துக்கொடுப்பவருடையது. அவனுக்கு ஓர் அளவு பெரிது. உள்ளே விரல் என்ன கூத்தும் அடிக்கலாம்.

"ஆனா ஷூ ஆடக் கூடாது" என்றார் இயக்குநர். "ஆடிச்சுன்னா அடுத்த நாடகத்துல உனக்கு மரம் வேஷம்கூடக் கிடையாது."

நிலைமை இதுதான். தேர்வில் தோற்றால் நாடகம் போச்சு, ஏனென்றால் அக்காவிடம் வாக்கு. படிப்பதற்காக விரல் ஆடி, ஷூவும் ஆடினால் அப்போதும் நாடகம் போச்சு. படுத்துக் கிடப்பதற்கு இவ்வளவு ஆபத்தான இடம் வேறு இல்லை.

5

மேலே உள்ளதை அவன் படித்தான். வகுப்பு தொடங்கும் முன், காலி இருக்கைகளுக்கு நடுவில். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவர் நம் எழுத்தைப் படிக்கும்போது கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று யாராவது ஒரு பாடம் நடத்தினால் சேர்ந்துகொள்வேன்.

"நான் எப்ப அழுதேன்?" என்றான்.

"அழுத மாதிரி இருந்துச்சு."

"அது ஜலதோஷம். எடுத்துடு."

(பார்க்க: பகுதி 3.)

"வகுத்தலுக்குப் பக்கவாட்டுலயெல்லாம் ஆடாது."

"அதுக்குத்தான் மிகைன்னு போட்டிருக்கேன்ல."

"சரி, முடிவு எங்க?"

"நாடகமே நடக்கலையே. நடந்தாத்தான் எழுதுவேன்."

"கதைதான இது? முன்னாடியே எழுதேன். நான் பாத்து அதுபடி நடந்துக்கிறேன்."

அவன் கேலியாகத்தான் சொன்னான். ஆனால் நாட்குறிப்பு எழுதுபவளிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. அங்கேயே அவன் எதிரிலேயே எழுதினேன்.

ஒரு முடிவு: துணிக்கடியில் அவன் எல்லாவற்றையும் மனதில் ஓட்டுகிறான். ஷூ ஆடுகிறது. சபை சிரிக்கிறது. மறுநாள் தேறுகிறான். இனி மேடை இல்லை.

"வேணாம்" என்றான்.

இன்னொன்று: இதுவரை எவரும் செத்திராத அளவுக்குச் செத்துக் கிடக்கிறான். இயக்குநர் மேடையோரத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். மறுநாள் வினாத்தாளைப் பார்த்து, அதே போல அசையாமல் உட்கார்ந்திருக்கிறான்.

"இதுவும் வேணாம். ரெண்டுலயும் ஜெயிக்கிற மாதிரி எழுது."

"அது கதை இல்ல. ஆசை."

"ஆசைதான். எழுதினா என்ன, பேனா தேஞ்சுடுமா?"

"அவன் இரண்டிலும் வென்றான்" என்று எழுதினேன். அழகான கையெழுத்துதான், ஆனால் தகரத்தைத் தட்டினதுபோலச் சத்தம் வந்தது. ஒற்றைக் கோடு போட்டு அடித்தேன். அடியில் இருப்பது அவனுக்குப் படிக்கக் கிடைக்கும்படி மெல்லிய கோடாகத்தான்.

அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நீ எப்பப் படிக்கிற?" என்று கேட்டான்.

நான் செத்துப்போனவள் மாதிரி இருந்தேன்.

"மாறுபாடு சூத்திரம் சொல்லு பாப்போம்."

"நெனச்ச விலையிலேருந்து வாங்கின விலையக் கழிக்கணும்."

"கழிச்சு?"

"பெருக்கணும்."

"எதால? நெனச்ச அளவாலயா, வாங்கின அளவாலயா?"

அதுதான் அழிந்துபோன பாதி. "உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரிஞ்சா ரெண்டு தடவை போயிருக்குமா? அந்தப் பாதிக்குத்தான் விரல் ஆடுது."

யோசித்துப் பார்த்தால், நான் எழுதிக்கொண்டிருப்பதே ஒரு மாறுபாடுதான். இப்படி வரும் என்று நினைத்த கதை ஒன்று, வந்து நிற்கும் கதை ஒன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சாதகமா பாதகமா என்று கணக்குப் போட்டு— (இந்தப் பத்தி ஆழமாகப் போகப் பார்க்கிறது. நிறுத்திக்கொள்கிறேன்.)

6

இதை அரங்கத்திலேயே எழுதுகிறேன், மேடையிலிருந்து வரும் வெளிச்சத்தில், மடியில் வைத்து. கையெழுத்து கோணல்தான். மூன்றாம் வரிசை. நீங்கள் என் இடப்பக்கம் இருக்கிறீர்கள். வலப்பக்கம் அவன் அக்கா.

திரை தூக்கியதும் அக்கா என் காதில், "எங்க கடைத் துணி. நேத்து நான்தான் தேய்ச்சேன்" என்றார்.

"அழகா இருக்குக்கா."

"உள்பக்கம் அவன் பாடப் பேப்பர் கீப்பர் எதுவும் ஒட்டலை. பாத்துட்டுத்தான் குடுத்தேன்."

மேடையில் மனைவி, "ஷூவக்கூடக் கழட்டலையே" என்று விம்மினாள். கொட்டகையே கப்சிப்பென்று ஆனது. துணிக்கு வெளியே இரண்டு பெரிய ஷூக்கள், மூக்கு கூரையைப் பார்த்தபடி. ஓர் அசைவில்லை. மேடையோரத் திரைக்குப் பின்னால் இயக்குநரின் முகம் தெரிந்தது. அவர் மனைவியாக நடிப்பவளைப் பார்க்கவில்லை, மகனாக நடிப்பவனைப் பார்க்கவில்லை. ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அதையேதான். அக்காவும் அதையேதான். இவ்வளவு பேர் நேசத்தோடு ஒரு ஷூவைப் பார்த்திருப்பார்களா என்று தெரியவில்லை.

"நெஞ்சு ஏறி இறங்குது பாரு" என்றார் அக்கா.

"மூச்சு விடணும்லக்கா."

"கொஞ்சம் மெதுவா விடலாம்ல."

கடைசிக் காட்சி. மனைவி துணியை விலக்கி முகத்தைப் பார்க்கும் இடம். அவள் பெஞ்சருகே மண்டியிட்டாள். அந்த நேரத்தில் அக்கா ஷூவிலிருந்து கண்ணை எடுத்துக் கீழே பார்த்தார்.

"நீயும் அதே க்ளாஸா?"

"ஆமாக்கா. ஏன்?"

"கால ஆட்டுற."

என் வலது கால் நாற்காலிக் காலைத் தட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியாது. நினைத்த விலை, வாங்கிய விலை, கழி, பெருக்கு, எதால், எதால். அக்கா தன் பாதத்தை எடுத்து என் பாதத்தின் மேல் லேசாக வைத்தார். வீட்டில் தம்பிக்கு இப்படித்தான் செய்வார் போலிருக்கிறது. கால் நின்றது. நின்ற அதே கணத்தில் அது வந்து விழுந்தது. வாங்கிய அளவால். வாங்காத பொருளுக்கு விலையில் என்ன மாறுபாடு வந்துவிடும்? உண்மையில் வாங்கிய அளவால்தான் பெருக்க வேண்டும்.

மறந்துபோவதற்குள் குனிந்து எழுதினேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போது அரங்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. எல்லோரும் ஒன்றாக மூச்சை உள்ளிழுத்தார்களா, சிரிப்பை அடக்கினார்களா, பிரித்துச் சொல்ல முடியவில்லை. நிமிர்ந்தேன். துணி மறுபடியும் முகத்தை மூடியிருந்தது. திரையோரத்தில் இயக்குநர் இல்லை. அக்கா கையால் வாயைப் பொத்தியிருந்தார், கண்ணில் ஈரம். ஈரத்துக்குப் பல காரணங்கள் உண்டு. ஜலதோஷமும் ஒன்று.

"அக்கா, ஷூ ஆடுச்சா?"

"பாக்கத்தான வந்த?" என்றார் அக்கா. அவ்வளவுதான். அவர் பாதம் இன்னும் என் பாதத்தின் மேல்தான் இருக்கிறது.

7

திரை இன்னும் விழவில்லை. விழுந்தால் எனக்கு எழுத வெளிச்சமும் போய்விடும். அவன் இன்னும் செத்துத்தான் கிடக்கிறான். காலையில் எங்கள் இருவருக்கும் தேர்வு. சூத்திரத்தின் மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது. வெளியே வந்ததும், முதல் வேலையாக அவனிடம் சொல்லிவிடுவேன். ஒருவேளை அவனுக்கும் அது துணிக்கடியில் அதே நேரத்தில் வந்து, விரல் துள்ளியிருக்கலாம். ஒருவேளை ஒன்றுமே நினைக்காமல், சூத்திரத்தை ஏன் தன்னையே மறந்து, சரியாகச் செத்திருக்கலாம்.

கதையின் மீதிப் பாதி என்னிடம் இல்லை. நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் எழுதிக்கொண்டிருக்கவில்லை. மூன்றாம் வரிசையில், என் இடப்பக்கத்தில், தலை நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தீர்கள். அவன் வெளியே வந்ததும் கேட்பான். சீக்கிரம் சொல்லுங்கள், ஷூ