தாமதித்த அலாரம்

அக்கா கணவரைப் பழிவாங்க அவளுக்கு ஆறு வருஷம் பிடித்தது.

அவர் மருத்துவக் கருவிகள் செய்யும் கம்பெனியில் தலைமைப் பொறியாளர். இவள் அவருக்குக் கீழே புரோகிராமர். நரம்பில் மருந்து ஏற்றும் பம்ப்புக்கு நிரல் எழுதினாள். குழாயில் காற்று புகுந்தால் ஒரு விநாடிக்குள் அலாரம் அடிக்க வேண்டும். ஆனால் கருவி தான் செய்வதையெல்லாம் பதிவாக எழுதிக்கொண்டிருக்கும்போது திரையும் வேலை கேட்டால், அலாரம் தன் முறைக்காகக் காத்துக் கிடந்தது. அவசர வேலையை முன்னால் விடும்படி திருத்தம் எழுதி நீட்டினாள்.

"இதைச் சேர்த்தா எல்லா டெஸ்டும் முதல்லேருந்து பண்ணணும். அப்புறம் பாத்துக்கலாம்," என்றார் அத்தான்.

பம்ப் சந்தைக்குப் போனது. அலாரம் பதினோரு விநாடி தாமதித்த ஒரு நாளில் பள்ளி ஆசிரியை ஒருத்தி இறந்துபோனாள்.

விசாரணையில் அத்தான் கண் இமைக்காமல் சொன்னார்: "குறை இருக்குன்னு அவ என்கிட்ட சொல்லவே இல்ல. அவ எழுதினதை மொத்தமா தூக்கிப் போட்டாச்சு."

அவளுக்கு வேலை போயிற்று. "குடும்பம் சந்தி சிரிக்க வேணாம், விட்டுடு," என்றாள் அக்கா. பேச்சை விட்டாள், மனசு விடவில்லை.

கருவிகளைச் சோதித்துச் சான்று தரும் கூடத்தில் சேர்ந்தாள். ஒருநாள் அத்தான் ஒரு சுவாசக் கருவியோடு வந்து நின்றார். சொந்தக்காரர் என்று எழுதிக் கொடுத்து அவள் விலகிக்கொண்டாள். ஆனால் அத்தானுக்குப் புதிதாக நிரல் எழுத உடம்பு வணங்காது, பழையதையே போட்டிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். சோதிக்கப்போன சக ஊழியரிடம் ஒன்று சொன்னாள். நோண்டி நோண்டிப் பார்ப்பதால் அவருக்கு 'ஸ்குரூ' என்று பெயர்.

"பதிவு ஓடிக்கிட்டிருக்கப்போ திரையைத் தட்டிக்கிட்டே குழாயைக் கழட்டுங்க."

கழற்றினார். அலாரம் ஒன்பது விநாடி வாய் திறக்கவில்லை. நிரலைத் திறந்தார்கள். தூக்கிப் போட்டதாகச் சொன்ன அதே நிரல். நடுவில் அவள் அன்று போட்ட குறிப்பு, தேதியோடு. ஸ்குரூ அதை அத்தான் முன்னாலேயே உரக்கப் படித்தார்: "இங்கே அலாரம் தாமதிக்கும். தலைமைப் பொறியாளரிடம் சொல்லியாயிற்று."

தாழ்வாரத்தில் அத்தான் அவளை மறித்தார். "நீ சொன்னா அந்த வரியை அறிக்கைல விட்டுடுவாரு."

"சொல்ல மாட்டேன் அத்தான்."

பழைய விசாரணையை மறுபடி திறந்தார்கள். கம்பெனி அத்தானை வெளியே அனுப்பியது. ஆசிரியையின் கணவர் அவர் மேல் வழக்குப் போட்டார். அக்கா போனில் அழுதாள்.

"என் குடும்பத்தை நடுத்தெருவுல நிறுத்திட்டியே. இப்போ மனசு குளிர்ந்துச்சா?"

"குளிர்ந்துச்சுக்கா."

அக்கா போனை வைத்தாள். அதற்கப்புறம் பேசவில்லை.

எட்டு மாதம் கழித்து, திருத்திய சுவாசக் கருவியோடு வேறொரு பொறியாளர் வந்தார். இந்த முறை அவளே சோதித்தாள். அரை விநாடியில் அலாரம் அலறியது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனாள்.