காவலுக்கு நின்றவர்கள்

அம்மா சவர பிளேட்டால் அப்பாவின் கோட் தோளில் இருந்த சின்னத்தைத் தையல் தையலாக அறுத்துக்கொண்டிருந்தாள். கடைசி நூல் அறுந்ததும் அது மடியில் விழுந்தது. அது இருந்த இடம் மட்டும் கருநீலமாக நின்றது. மற்றத் துணி முழுவதும் வெயிலில் வெளுத்திருந்தது.

"முந்தியைவிட வடிவாத் தெரியுதம்மா," என்றாள் கமலினி.

"சால்வையாலை மூடுவம்."

அப்பாவிடம் இருந்த ஒரே நல்ல கோட் அந்தச் சீருடைக் கோட்தான். மெல்பேர்னில் இருந்த எட்டுத் தமிழ்க் குடும்பங்களுக்கும், ஊரில் இருந்த அத்தனை பேருக்கும், இரத்தினசிங்கம் நகரக் கலைக்கூடத்தின் வரைபடப் பகுதியில் வேலை செய்பவர். இலங்கையில் இருபத்தொரு வருடம் நில அளவையாளராக இருந்தவருக்கு அது பொருத்தமாகவும் இருந்தது. ஊருக்கு அப்படி எழுதியவர் அவர்தான். உண்மையில் அவர் அங்கே காவலாளி. மூன்று மாதமாகக் கலைக்கூடத்துப் புல்வெளியில் சிற்பக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. யாரும் எதையும் தொடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. வெள்ளிக்கிழமை பின்னேரம் அங்கேயே விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முடிந்துவிட்டது.

இன்று மூன்று மணிக்குத் தகனம். அப்பாவுடன் வேலை செய்த ரொன் நேற்றுத் தொலைபேசியில் பேசினார். மூன்று பேர் சீருடையில் வருகிறோம், பெட்டி தூக்க எங்களுக்கும் இடம் வேண்டும் என்றார். கமலினி நன்றி மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

"நீ போய்ச் சொல்லிப்போட்டு வா," என்றாள் அம்மா. "வரட்டும். உந்த உடுப்போடை வேண்டாம்."

"நான் எப்பிடியம்மா சொல்லுறது?"

"வாயாலைதான். பி.எஸ்ஸி. படிச்ச பிள்ளைக்கு நான் சொல்லித் தரவேணுமே?" பிறகு அம்மாவின் குரல் இறங்கியது. "அந்தாள் மூண்டு வருஷம் காப்பாத்தின மானம். ஒரு பின்னேரத்திலை போக விடேலாது பிள்ளை."

அப்பாவின் உடலுக்கு உடுத்தச் சொல்லிக் கோட்டை மலர்ச்சாலையில் கொடுத்துவிட்டு, பத்து மணிக்குக் கமலினி புல்வெளிக்குப் போனாள். அவள் அங்கே வந்ததே இல்லை. வரவேண்டாம் என்று அப்பா சொல்லியிருந்தார். துருப்பிடித்த சங்கிலிகளின் குவியல் ஒன்று, கொங்கிறீட் வளையம் ஒன்று, காற்றுக்குத் திரும்பும் தகரத் துண்டுகள். நடுவில் மூன்று ஆள் உயரத்தில் சிவப்பு இரும்புத் தகடுகள் ஒன்றில் ஒன்று சாய்ந்து நின்றன. அதற்குப் பக்கத்தில் அறுபது வயதுக்காரர் ஒருவர், கைகளைப் பின்னால் கட்டியபடி.

"நீ சேர்வேயரின் மகள்," என்றார் அவர் ஆங்கிலத்தில். ரொன்னின் குரல்தான்.

"அப்பாவை அப்படியா கூப்பிடுவீர்கள்?"

"வேறென்னவென்று கூப்பிடுவது?" அவர் சிவப்புத் தகட்டின் உச்சியைக் காட்டினார். "தினமும் திறப்பதற்கு முன்னால் ஏணி வைத்து அங்கிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிடுவார். அது நிற்கும் இடத்தை இந்தக் கட்டையில் குறிப்பார். நாங்கள் சிரித்தோம். ஒருநாள், மழைக்குப் பிறகு, அரை அங்குலம் சாய்ந்துவிட்டது என்றார். எழுதியும் கொடுத்தார். மேலே இருப்பவர்களும் சிரித்தார்கள். சும்மா தோண்டிப் பார்ப்போம் என்று பார்த்தால், ஒரு பக்கம் மண் இறங்கியிருக்கிறது." ரொன் தகடுகளின் நிழலைக் காட்டினார். "பள்ளிப் பிள்ளைகள் இதற்குக் கீழே இருந்துதான் சாப்பிடுவார்கள்."

கமலினி குனிந்து பார்த்தாள். தரையில் அடித்திருந்த கட்டையில் பென்சில் கோடுகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதி, அப்பாவின் ஒடுங்கிய எழுத்தில். அடித்தளத்தைச் சரிசெய்த பின் போட்ட கோடுகள் எல்லாம் ஒரே இடத்தில் விழுந்திருந்தன. வெள்ளிக்கிழமைக் கோடும் அங்கேதான் இருந்தது.

அவள் எல்லாத் தேதிகளையும் வாசித்தாள். பிறகு நிமிர்ந்து, சொல்ல வந்ததைச் சொன்னாள்.

ரொன் குனிந்து தன் சீருடையைப் பார்த்தார்.

"அவர் விருப்பமா?"

"அம்மாவின் விருப்பம்."

"சரி," என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல், யாரோ ஒருவர் கொங்கிறீட் வளையத்தின்மேல் கை வைப்பதைப் பார்த்துக்கொண்டு.

வீட்டுக்கு வந்து அந்த அரை அங்குலத்தை அம்மாவுக்குச் சொன்னாள். அம்மா வெள்ளைச் சேலையின் மடிப்பை விரித்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளையள் இருந்து சாப்பிடுற இடமோ?"

"ஓம்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை, பாத்தியே," என்றாள்.

மூன்று பேரும் சீருடை இல்லாமல் தகன மண்டபத்துக்கு வந்தார்கள். காலையில் வீட்டிலிருந்து வேலைக்கு அணிந்து வந்த உடுப்பாக இருக்கவேண்டும். ரொன் முழங்கை தேய்ந்த கம்பளிச் சட்டையில் இருந்தார். மற்ற இருவரும் அரைக்கைச் சட்டையில். கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். ஐயர் இல்லாத ஊரில் டொக்டர் மகேந்திரராஜாதான் தேவாரம் பாடினார். முடிந்ததும் ஒவ்வொருவராகப் போய்ப் பூப் போட்டார்கள். அந்த மூவரும் போட்டார்கள். ஆனால் இடத்துக்குத் திரும்பவில்லை.

ரொன் தலைமாட்டில் நின்றார். மற்ற இருவரும் கால்மாட்டில். கால்களைச் சற்று அகட்டி, கைகளைப் பின்னால் கட்டி. அவர்கள் பெட்டியைப் பார்க்கவில்லை. வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாராவது நெருங்கினால் அரை அடி பின்னால் போய் வழி விட்டார்கள். பிறகு அதே இடத்துக்கு வந்தார்கள்.

டொக்டர் அம்மாவிடம் குனிந்தார். "யோகா அக்கா, இவை ஆர்? வரைபடப் பகுதி ஆக்களோ?"

கமலினி "ஓம் அங்கிள்" என்று சொல்ல வாயெடுத்தாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்த மூன்று பேரையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லைத் தம்பி. வாச்சர்மார். இவரும் வாச்சர்தான்."

டொக்டரின் கையிலிருந்த தேவாரப் புத்தகம் மூடிக்கொண்டது.

"பெட்டி தூக்கேக்கை அவையையும் விடுங்கோ," என்றாள் அம்மா.

ஆறு பேர் தூக்கினார்கள். மேடையில் வைத்தார்கள். திரை இழுபட்டது. அம்மாவைப் பெண்கள் தாங்கி வெளியே கூட்டிப்போனார்கள்.

அம்மாவின் கைப்பையை எடுக்கக் கமலினி திரும்பி வந்தாள். மண்டபத்தில் ரொன் மட்டும் இருந்தார். முன்வரிசையிலிருந்து தொடங்கி, இடமும் வலமும் பார்த்தபடி மெதுவாக நடந்து வந்தார். யாரோ விட்டுப்போன குடையைக் குனிந்து எடுத்தார். யன்னல்களை ஒருதரம் பார்த்தார். கதவடியில் ஒதுங்கி நின்று அவளுக்கு வழி விட்டார். அவள் வெளியே வந்த பிறகுதான் கதவைச் சாத்தினார்.